பெயர் எழுதிய குருவிகள்

இரவு இரண்டு பதினாலு.
பேர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்ச் சலவை அறை.
ஏழாம் இலக்க மெஷின் தண்ணீர் குடிக்கிற இடைவெளியில்
பள்ளிக்கூடச் செயலியைத் திறந்தேன்.
மாலையில் ஸ்பிண்டன் ரீச்சர் எழுதிய டொச்.
"தமிழில் காட்டு" என்பதை அமத்தினேன்.

அன்பான பெற்றோரே,
திங்கட்கிழமை பிள்ளையுடன் குருவிகளை அனுப்பவும்.
போன வருடத்துக் குருவிகள் பலருக்குச் சிறிதாகிவிட்டன.
குருவிகள் வழுக்கக் கூடாது.
ஒவ்வொரு குருவியிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

பதினாறு வருடமாய் இந்த நாட்டில் இருக்கிறேன்.
கண்ணாடிப் போத்தலை நிறம் பிரித்துப் போடவும்
ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்காமல் இருக்கவும்
பழகிவிட்டேன்.
குருவியில் பெயர் எழுதுவதற்கும்
ஒரு சட்டம் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பதில் போட்டேன், தமிழிலேயே:
"வணக்கம் ரீச்சர். எங்கள் மாடிவீட்டில்
பிராணிகள் வளர்க்க அனுமதி இல்லை.
வேறு ஏதும் கொடுத்துவிடலாமா?"
அது என்ன டொச்சாய்ப் போய் இறங்கியதோ.

காலை ஏழரை. பஸ்ஸில் தூங்கி விழுகையில்
ஒரு படம் வந்தது:
நீலக் கம்பளிச் செருப்பு, ஒரு சோடி.
கூடவே ஒரு குரல், மொழிபெயர்க்க முடியாதது.
"ஃபிங்கன்" என்று மெதுவாய் இரண்டு தரம்.
மூன்றாம் தரம் சிரிப்பு முந்திவிட்டது.
வகுப்புக்குள் போடுகிற செருப்புக்கு
இந்தப் பக்கத்தில் குருவியின் பெயராம்.
தனியே சிரித்தவனை
முன்சீட்டு மனிசி திரும்பிப் பார்த்தா.

ஞாயிறு பின்னேரம் செருப்பின் உட்பக்கம் பெயர் எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாய் ஒரு அலகும் கீறினேன்.
"அப்பா, எல்லாரும் பாப்பினம்."
"பாக்கட்டும்."

இதற்கு முன்னம் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் டிலக்சனாதான்.
எட்டு வயது. சம்பளம் இல்லை, கழிவு எடுப்பாள்.
பெற்றோர் சந்திப்பில் ரீச்சர் ஐந்து நிமிடம் சொன்னதை
"நல்லாக் கதைக்கிறனாம்" என்று
ஒரு வரியில் தந்தாள்.
செயலி வந்த முதல் கிழமையே போட்டுடைத்தது:
"டிலக்சனா பாட நேரத்தில் மிக அதிகமாகக் கதைக்கிறாள்."
அன்றைக்கு அவள் என் போனைப் பார்த்த பார்வை
கோள்மூட்டிய சிநேகிதியைப் பார்க்கிற பார்வை.

வீட்டுப்பாடமும் அதில்தான் வருகிறது.
"வீட்டில் பெருக்கல் தேடுங்கள்" என்றது ஒரு வெள்ளி.
மகள் முட்டைப் பெட்டியைப் படமெடுத்தாள்.
சுகிர்தா இடியப்பத் தட்டுகளை அடுக்கிக் கொடுத்தாள்.
எனக்கு வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை.
நான் வீட்டில் இருக்கிற நேரம் தூங்குகிற நேரம்.
வேலையிலிருந்து அனுப்பினேன்:
கட்டுக்குப் பன்னிரண்டு துவாய்,
வண்டிக்கு எட்டுக் கட்டு,
இரவுக்கு ஆறு வண்டி.

அடுத்த திங்கள் பத்தொன்பது பிள்ளைகள்
என் துவாய்களைப் பெருக்கினார்களாம்.
ஐநூற்று எழுபத்தாறு.
லூக்கா என்றொரு பெடியன் நம்பவில்லையாம்.
"ஒரு ஆளா?" என்று எழும்பிக் கேட்டானாம்.
"அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை" என்பதோடு
இவ்வளவு நாளும் நிறுத்தி வைத்திருந்தவள்
கோப்பையிலிருந்து நிமிராமல் சொன்னாள்:
"ஓம், எங்கட அப்பா எண்டு சொன்னன்."

நேற்று ஒரு செய்தி. வகுப்புக்கு இல்லை, எனக்கு மட்டும்.
நான் வாசிக்கிற நேரம் ரீச்சருக்குத் தெரிகிறதாம்.
ஒவ்வொரு தரமும் இரண்டு, இரண்டரை.
"திரு. கந்தவனம், தாங்கள் எப்பொழுது உறங்குகிறீர்கள்?"
கோயில் அறிவித்தல் போல
இஸ்திரி போட்ட தமிழ்.

எழுதினேன். அழித்தேன்.
"பகலில்" என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.
ஏழாம் இலக்கம் நின்று கூப்பிட்டது.
கதவைத் திறக்க ஆவி முகத்தில் அடித்தது.
துவாய்களை எண்ணத் தொடங்கி
பதினொன்றில் தவறவிட்டேன்.

ஒன்றிலிருந்து திரும்ப.